ஆட்களுக்குப் பின்னால் இருந்த அறை

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் பழைய ஆல்பங்களைப் புரட்டினால், வீட்டின் உட்புறத்துக்காகவே எடுத்த படம் என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. எடுத்ததெல்லாம் ஆட்களை. மஞ்சள் நீராட்டுக்கு மணையில் உட்கார்ந்த பெண், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக நிறுத்திவைத்த அக்கா, சதாபிஷேக மாலையோடு பெரியவர், சில வீடுகளில் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பிணம். அறை அவர்களுக்குப் பின்னால் கேட்காமலே வந்து நின்றிருக்கிறது. ஒரு பக்கம் பாதித் தூண், இன்னொரு பக்கம் பத்தாயத்தின் மூலை, தலைக்கு மேலே ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து.

நான் பார்ப்பது அந்தப் பின்பக்கத்தைத்தான். முகங்கள் எல்லா ஆல்பத்திலும் ஏறக்குறைய ஒன்று: விறைப்பு, சிரித்துவிடக் கூடாது என்ற தீர்மானம், போட்டோக்காரர் காட்டிய விரலையே பார்க்கும் கண். சுவரை யாரும் நிமிர்ந்து நில் என்று சொல்லவில்லை. அது அன்றாடம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்துவிட்டது.

*

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் இருட்டு. கட்டியவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட இருட்டு. சித்திரை வெயிலை வாசலோடு நிறுத்தியாக வேண்டும். அதனால் தாழ்வாரம் தாழ இறங்கும், ஜன்னல் சின்னது, சுவர் கனம். வெளிச்சத்துக்கு முற்றம். அதுவும் எட்டாத இடத்துக்கு ஓடுகளுக்கு நடுவே செருகிய கண்ணாடி ஓடு ஒன்றோ இரண்டோ. காலையில் அந்தக் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் மேற்குச் சுவரில் ஒரு சதுரமாக விழும். மதியம் தரைக்கு இறங்கும். சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறிக் காணாமல் போகும். கடிகாரம் இல்லாத வீடுகளில் அது உலை வைக்கும் நேரத்தையும் சொன்னது.

கண்ணுக்கு இந்த இருட்டு பழகிவிடும். ஃபிலிமுக்குப் பழகாது. அந்த நாளில் கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் இருந்த கேமரா, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III. 120 ஃபிலிமில் 12 படம். வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை. வீட்டுக்குள் என்று ஒரு நிலை அதில் கிடையாது. உள்ளே போடும் ஃபிலிம், ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’வாக இருக்கலாம். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம் அது. எந்த ஃபிலிமாக இருந்தாலும், கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் ஒரு கூடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? அதுவும் ஒரு கூடத்துக்காக?

ஆகவே ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். முற்றத்துக்கு, தெருவுக்கு, மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு. பின்னால் ஜமுக்காளமோ எட்டு முழ வேட்டியோ கட்டினார்கள். சில படங்களில் வேட்டி காற்றில் விலகியிருக்கிறது. விலகிய இடத்தில் ஒரு வாசல்கால், அதற்குள் மையிருட்டு. எங்கள் பக்கத்து உள்வீட்டின் முதல் படம் அந்தக் கருப்புச் செவ்வகம்தான் என்று நினைக்கிறேன்.

*

பிளாஷ் வந்த பிறகு எல்லாம் மாறியது. வெளிச்சம் சுவரில் போய் அறைந்தது. முகம் வெளுத்து, தலைக்குப் பின்னால் கருநிழல் ஒட்டி, ஆழம் இல்லாமல் தட்டையான படங்கள். ரசனைக்காரர்கள் இவற்றை மதிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும். வீட்டுக்காரர்களே சரியாகப் பார்த்திராத மூலைகளை பிளாஷ் காட்டிக்கொடுத்துவிட்டது: பரணில் கவிழ்த்த அண்டா, உத்திரத்தில் ஊறிய அடுப்புப் புகை, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒட்டடை. படம் கழுவி வந்த அன்று வீட்டுப் பெண்கள் மணமகளைப் பார்க்கும் முன் அந்த ஒட்டடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்களாம்.

*

ஸ்டுடியோவில் அறை என்பது துணி. இரண்டு பக்கமும் தூண், நடுவில் வளைந்து ஏறும் படிக்கட்டு, கைப்பிடிச் சுவரில் பூச்சாடி, தூரத்தில் ஒரு ஏரி. பாகூர் ஏரிக்கரையில் மாடு மேய்த்து வளர்ந்த ஆள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், யாரும் பார்த்திராத ஓர் ஏரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். கூரை வீட்டுக்காரரும் மச்சு வீட்டுக்காரரும் ஒரே படிக்கட்டுக்கு முன்னால் நின்றார்கள். வேறு எங்கே அப்படி நின்றிருப்பார்கள்?

இந்தத் துணிகளும் அவற்றின் முன் நின்றவர்களும் ஓரளவு தப்பித்தார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடித்து மின்வடிவில் ஏற்றிவைத்திருக்கிறது. நல்ல வேளை. மூடிய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் எடைக்குப் போனது பல ஊர்களின் கதை.

திரை எழுதியவர்களில் பலர் நாடகக் கம்பெனிகளில் கை பழகியவர்கள். அந்த வழியில் வந்த பெரிய பெயர் கொண்டைய ராஜு (1898–1976). நாடகத்துக்குத் திரை எழுதியவர், பிறகு கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்தார். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய லட்சுமியும் முருகனும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடுதோறும் ஆணியில் ஏறினார்கள். அப்படிப் பார்த்தால், ஸ்டுடியோவில் நம் தாத்தாவுக்குப் பின்னால் இருக்கும் தூணும் திரைச்சீலையும், வீட்டுக் காலண்டரில் லட்சுமிக்குப் பின்னால் இருக்கும் தூணும் திரைச்சீலையும் ஒரே பட்டறைச் சரக்கு. தாத்தா வாழ்ந்த இடம் அந்தக் காலண்டர் தொங்கிய சுவர். அதைத்தான் யாரும் வரையவில்லை.

*

பாகூரில் ஒரு வீடு. தெரிந்தவர் வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த ஒரு நிச்சயதார்த்தப் படம், கறுப்பு வெள்ளை. முன்னால் தட்டு வரிசை, தட்டுகளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். அவர்களுக்கும் பின்னால் கூடத்துச் சுவர் முழு அகலத்துக்குத் தெரிகிறது.

சுவரின் கீழ்ப்பகுதி முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிக் கருத்திருக்கிறது. அதற்கு மேலே பூச்சு பொரிந்து, உதிர்ந்த இடங்கள் தீவு தீவாக. வலப்பக்கம் விளக்கு மாடம். அதன் உச்சியிலிருந்து புகை மேல்நோக்கி ஒரு வாழைப்பூ வடிவத்தில் படர்ந்திருக்கிறது. மாடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஆணியில் மூன்று நான்கு வருஷத்துக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று. பழையதைக் கழற்றுவதில்லை, சாமி படத்தை எங்கே போடுவது? தேதித்தாள் எல்லாம் கிழித்துத் தீர்ந்தும் அட்டை நிற்கிறது. இன்னொரு ஆணியில் கண்ணாடி, முன்பக்கம் சாய்ந்து. அதில் எதிர்ச்சுவரின் ஒரு துண்டு தெரிகிறது. போட்டோக்காரரின் முழங்கையாக இருக்கலாம் என்று நான் நினைத்தது வெறும் மண்வெட்டிக் காம்பு.

இடப்பக்கம் ஆட்கள் இல்லாத இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மூன்று கரும் வட்டங்கள். ஒன்று கொஞ்சம் உயரத்தில், ஒன்று நடுவில், ஒன்று தாழ. சாப்பிட்ட பிறகு தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கும் இடம். வருஷக்கணக்காக ஏறிய எண்ணெய். படத்தை அந்த வீட்டு ஆயாவிடம் காட்டி, ஆட்கள் யார் யார் என்று கேட்டேன். பெண்களில் இரண்டு பேரை அவரால் சொல்ல முடியவில்லை. வட்டங்களைத் தொட்டுச் சொன்னார்:

“இது எங்க மாமனாரு. நடுவுல எங்க ஊட்டுக்காரரு. இந்தக் கீழ இருக்கறது நானு. எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம் அங்கதான் சாய்வேன்.”

அந்தப் படத்தில் ஆயா இல்லை. அன்று அடுப்பங்கரையில் இருந்தாராம்.

*

சுண்ணாம்பு பற்றி. பொங்கலுக்கு முன்னால் வருஷா வருஷம் வெள்ளையடிப்பு. சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, தென்னை மட்டையின் நாரைத் தட்டிய மட்டையால் அடிப்பார்கள். நீலம் கூடிவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் சுவர் நீலம். காவி சேர்த்துக் கீழே ஒரு பட்டை. ஐம்பது பொங்கல் கண்ட சுவரில் ஐம்பது தோல். பூச்சு உரியும் இடத்தில் அந்தத் தோல்கள் வெளியே தெரியும்: வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, யாருக்கோ கல்யாணம் நடந்த வருஷத்து ரோஸ்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் விடும். அதனால் அதில் கறை மெல்ல மெல்ல, ஓரம் கரைந்து, மேகம் போலப் படரும். பிறகு சிமெண்டுப் பூச்சும் டிஸ்டம்பரும் எனாமலும் வந்தன. எனாமல் ஈரத்தை வெளியே விடாது. உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு நாள் கொப்புளமாக வெடிக்கும். படங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய சுவர் மங்குகிறது, புதிய சுவர் உரிகிறது. அழகு என்று நான் சொல்வது மங்குவதை.

*

ஒரே கல்யாணம், ஒரே நெகட்டிவ், இரண்டு பிரதிகள். ஆல்பத்துக்குள் இருந்தது செம்மண் நிறமாகிவிட்டது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது நீலம் பாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை ஒன்றில் கோபக்காரராகவும் இன்னொன்றில் குளிரில் நடுங்குபவராகவும் தெரிகிறார்.

காரணம் சாயத்தில் இருக்கிறது. கலர் படக் காகிதத்தில் மூன்று சாயங்கள்: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள். எழுபதுகளில் வந்த காகிதங்கள் பலவற்றில், இருட்டில் வைத்தாலும் நீலப்பச்சை தானாகச் சிதைந்துபோகும். அது போனால் மிச்சம் சிவப்பு. வெளிச்சத்தில் மாட்டினால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் மெஜந்தா. மஞ்சளும் கூடச் சேர்ந்து போனால் மிச்சம் நீலம். சலூன் கடை ஜன்னலில் வருஷக்கணக்காக ஒட்டியிருக்கும் தலைவெட்டுப் போஸ்டர்கள் ஏன் நீலமாகவே இருக்கின்றன என்பதற்கும் அச்சு மையில் இதே போன்ற காரணம்தான்.

கறுப்பு வெள்ளை இன்னும் கெட்டி, அது வெள்ளி. ஆனால் கழுவும்போது தண்ணீரை மிச்சம் பிடித்திருந்தால் ஹைப்போ தங்கி, படம் பழுப்பாகும். ஈரக்காற்று பட்ட ஓரங்களில் வெள்ளி மேலே வந்து படிந்து, சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்கும். ஏரியும் ஆறும் கடலும் பக்கத்தில் இருக்கிற ஊரில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று. மங்கிய அறையைக் காட்டும் படம், இன்னொரு மங்கிய அறையில் மாட்டியிருந்து தானும் மங்கியிருக்கிறது. இப்போது தெரியும் இந்தக் கறை சுவருடையதா, படத்துடையதா? உற்றுப் பார்த்தால் பிரிக்கலாம். மாமாவின் தோளுக்குப் பின்னால் போய் மறைந்து மறுபக்கம் வெளிவரும் கறை சுவருடையது. மாமாவின் சட்டை மேலேயும் ஏறிப் போகும் கறை படத்துடையது. முதலாவது அந்த வீட்டின் மழை. இரண்டாவது அதற்குப் பிறகு வந்த மழை.

*

‘உட்புறத்துக்காகவே எடுத்த படம் கிடைக்காது’ என்று எழுதினேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு வில்லியனூரில் இருக்கிறது. சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அவர் சைகோனிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய படங்கள் ஒரு பிஸ்கட் டின்னில்.

சீருடையில் நிற்கும் படம் எல்லாச் சொல்தா வீட்டிலும் இருப்பதுதான். அதோடு இன்னொன்று: ஆளே இல்லாத ஓர் அறை. இரும்புக் கட்டில், மேலே சுருட்டி முடிச்சிட்ட கொசுவலை, சின்ன மேசை, அதன்மேல் டம்ளர், ஒரு கடிதக்கட்டு, சுவரில் முருகன். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் கட்டிலின் ஒரு கம்பி மட்டும் பளிச்சென்று. பின்பக்கத்தில் பென்சிலால் “என் ரூம்” என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அம்மாவுக்குக் காட்ட எடுத்திருக்கிறார். நல்லபடியாகத்தான் இருக்கிறேன், கட்டில் இருக்கிறது, கொசுவலை இருக்கிறது, சாமி இருக்கிறார். வீட்டை விட்டுப் போனவன்தான் அறையைப் படமெடுக்கிறான். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அது எதற்கு? இன்று பாரிஸிலிருந்தும் துபாயிலிருந்தும் வீடியோவில் பேசும் பிள்ளைகளிடம் அம்மாக்கள் முதலில் கேட்பதும் ‘அடுப்பைக் காட்டு’ என்பதைத்தான்.

அவர் எந்த வருஷம் ஊர் திரும்பினார் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. காலம் அப்படிப்பட்டது. 1954 மே மாதம் வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களின் தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே வருஷம் அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. பெரியவருக்குக் கட்டிலும் போனது, அந்தக் கட்டில் இருந்த நாடும் கைமாறியது. அறையின் படம் மட்டும் பிஸ்கட் டின்னில்.

*

பாரிஸில் எழேன் அட்ஜே என்ற படக்காரர் இருந்தார். 1910இல் பாரிஸ் வீடுகளின் உட்புறங்களை மட்டும் ஓர் ஆல்பமாகத் தொகுத்தார். பணக்காரர் வீடு, தொழிலாளி வீடு, கலைஞர் வீடு என்று தலைப்புகள். ஆட்கள் இல்லை. மெத்தையின் பள்ளம், கணப்பின் மேல் வரிசையாக வைத்த சாமான்கள், பூப்போட்ட சுவர்க்காகிதம். அதில் சில படங்கள் அவருடைய சொந்த வீடு என்று பிற்பாடு தெரியவந்தது. நாடக நடிகர் வீடு என்று பெயர் போட்டு உள்ளே செருகியிருக்கிறார். (அட்ஜே ஒரு காலத்தில் நாடக நடிகர், ஆகவே முழுப் பொய்யும் இல்லை.) இந்தத் தகவலை வாசித்த பிறகுதான் அந்த மனிதர் மீது எனக்குப் பாசம் வந்தது.

அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமா குத்தகை விவசாயிகளின் பலகை வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இன்னும் பெயர் பெற்றவை. சாமான்களை நகர்த்தி வைத்து எடுத்தாரா, இருந்தபடி எடுத்தாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. படங்கள் சுத்தம். எனக்கு அவை கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். எங்கள் ஆல்பத்துச் சுவர்களில் இருக்கும் அலங்கோலம் அவற்றில் இல்லை.

இந்தியாவில் தயாநிதா சிங். முதலில் வீடுகளுக்குள் குடும்பங்களை எடுத்தார். பிறகு ஆட்கள் மெல்ல விலகி நாற்காலிகளும் காலியான அறைகளும் வந்தன. 2013இல் வெளியான ‘ஃபைல் ரூம்’ முழுக்கக் காகிதக் கட்டுகள். துணியில் முடிந்த மூட்டைகள், அலமாரி கொள்ளாமல் வழியும் கோப்புகள். 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்றவர். தாலுகா ஆபீஸில் ஒரு சிட்டாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் வேறு விதமாகவும் படும்.

நம் ஆள் பாலு மகேந்திரா. ‘வீடு’ (1988) படம் வீட்டைக் கட்டும் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நிற்பது கட்டப்படும் வீட்டைவிட, அதைக் கட்டும் குடும்பம் குடியிருக்கும் வாடகை வீட்டின் வெளிச்சம். ஜன்னலில் வருவது போதும் என்று விட்டுவிட்ட வெளிச்சம்.

*

மங்குவதுதான் அழகு என்ற என் பேச்சைக் கேட்ட அந்தப் பாகூர் ஆயா சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். “உனக்கு அழகா இருக்குது தம்பி. ஐப்பசில ஒரு நாளு வந்து படுத்துப் பாரு. எந்தப் பக்கம் பாய் போட்டாலும் ஒழுகும்.”

படத்தில் ஓதத்தின் வாடை இல்லை. கரையான் இல்லை. ஓடு மாற்ற ஆள் கிடைக்காத எரிச்சல் இல்லை. நாட்டு ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்; கிடைத்தாலும் அந்தக் கூலிக்கு சிமெண்டு ஷீட் போட்டுவிடலாம். ஆயாவின் மகன் பழைய கூடத்தை இடித்துக் கான்கிரீட் போட்டபோது வருத்தப்பட வேண்டியவன் நான் இல்லை. ஆயாவும் வருத்தப்படவில்லை. டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது என்பது மட்டும்தான் அவருடைய புகார். புதுச் சுவரில் தலையைச் சாய்த்தால் கறை படும் என்று மருமகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்.

தூண்கள் என்ன ஆயின என்று கேட்டேன். பழைய மரச்சாமான் வியாபாரி வந்து வாசல்காலோடு சேர்த்து வாங்கிப்போனார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏதோ ஒரு விடுதியில் நிற்கலாம். அங்கே பாலீஷ் போட்டு, கீழிருந்து மஞ்சள் விளக்கு அடித்திருப்பார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் நிறைய இருப்பார்கள். ஸ்டுடியோத் துணியில் இருந்த தூணுக்குப் பதில் இப்போது நிஜத் தூண்.

நகரத்தில் பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்பதும் இந்த வகைதான். அங்கே சுவர் மங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கொம்யூன் பக்கம் சுவர்கள் தங்கள் பாட்டுக்கு மங்கின. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டு இருக்கிறது, யார் எவ்வளவு நிலம் கொடுத்தார்கள், எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்றெல்லாம் கோயில் கற்களுக்குத் தெரியும். அதே ஊரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் எந்தப் பக்கம் விரித்தார்கள் என்பதற்கு நிச்சயதார்த்தப் படத்தின் இடப்பக்கம்தான் சாட்சி.

*

பேனர் கடை. கண்ணீர் அஞ்சலி. வீட்டார் கொடுத்தது அதே மாதிரி ஒரு கூடத்துப் படம்: பேரனுக்குக் காது குத்திய அன்று, பெரியவர் தூணில் சாய்ந்து நிற்கிறார். கடைப் பையன் திரையில் ஆளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தான். தூண், மாடம், காலண்டர், எல்லாம் போயிற்று. பெரியவர் கொஞ்ச நேரம் வெள்ளையில் சாய்ந்து நின்றார். பிறகு அவருக்குப் பின்னால் நீல வானம், இரண்டு புறா, ஓர் அகல் விளக்குச் சுடர். சாய்வதற்கு எதுவும் இல்லாததால் பெரியவர் சரிந்து விழப்போகிறவர் போல இருந்தார். பையனுக்கும் அது தெரிந்தது. ஆளைக் கொஞ்சம் திருப்பி நேராக்கினான்.

“பழைய செவுரு எதுக்குண்ணா, அழுக்காத் தெரியும்.”

அவன் சொன்னது தொழில் பேச்சு. பேனரில் அது அழுக்காகத்தான் தெரியும்.

போனில் வரும் ‘பழைய படத்தைப் புதுசாக்கும்’ செயலிகள் இன்னும் மோசம். அவை வெட்டுவதில்லை, கற்பனை செய்கின்றன. நிச்சயதார்த்தப் படத்தை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஓதம் போய்விட்டது. புகை போய்விட்டது. மூன்று வட்டங்களில் இரண்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூன்றாவதை ஒரு சுவர்க் கடிகாரமாக்கிவிட்டது. போனது மாமனாரும் வீட்டுக்காரரும். ஆயா கடிகாரமாகிவிட்டார்.

*

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து, டிசம்பர் 2 அன்று பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. ஆல்பம் எல்லா வீட்டிலும் பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கும், கனமாக இருப்பதால். மேல்தட்டில் பட்டுப்புடவை.

தண்ணீர் வடிந்த பிறகு படங்களை வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்டவர்கள் பலர். அவசரத்தில் வேறு என்ன செய்வார்கள். ஆனால் படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். நனைந்தால் உப்பும், காய்ந்தால் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அடுக்காகக் காய்ந்த படங்கள் ஒரே கட்டியாகிவிட்டன. சுருண்டவை விரிக்கும்போது வெடித்தன.

அடுத்த மழைக்காகக் குறித்துவைப்பது. நனைந்த ஆல்பத்தைக் காயவிடக் கூடாது, ஈரத்தோடு வைத்திருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசலாம், முகப்பக்கத்தை விரலால் தேய்க்காமல். அச்சில்லாத வெள்ளைத் தாளில் முகம் மேலே இருக்கும்படி பரப்பி நிழலில் காயவிடலாம். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாது, பூஞ்சை வந்துவிடும் என்று தோன்றினால், படங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வாரக்கணக்கில் கெடாது, நிதானமாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிளேடு வைத்துப் பெயர்க்கக் கூடாது. கண்ணாடியோடு அப்படியே வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்வதே மேல்.

படங்களின் பின்னால் எழுத பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சில் போதும். ஆட்களின் பெயரை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அதோடு எந்த ஊர், எந்த வீடு, கூடமா தாழ்வாரமா, போட்டோக்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் எழுத வேண்டும். ஆயாவிடம் இன்னும் நான்கு படங்களுக்குக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. பொங்கலுக்குள் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மகள் வீட்டுக்குக் கரையாம்புத்தூர் போகிறாராம்.